மனநல முதலுதவிப் பயிற்சி: பள்ளிவாசலுக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது?

ஒரு ஜமாஅத் நிர்வாகம் மனநல விழிப்புணர்வுக்காக ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், மனநல முதலுதவிப் பயிற்சியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வெளியே கிடைக்கும் பாடத்தை அப்படியே பள்ளிவாசலுக்குள் கொண்டுவந்து நடத்தினால் பாதிப் பலன்தான். மீதிப் பாதியை ஜமாஅத்தே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதைச் சேர்ப்பது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

சுகாதாரக் கல்வியாளரான பெட்டி கிட்சனரும் அவருடைய கணவரான ஆய்வாளர் ஆந்தனி ஜோர்மும் 2000-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பயிற்சி இது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. வழக்கமான பாடம் 12 மணி நேரம். சில நாடுகளில் அதைவிடச் சுருக்கமான வடிவமும் உண்டு. மனச்சோர்வு, பதற்றநோய், மனச்சிதைவு, போதைப் பழக்கம் ஆகியவற்றின் அறிகுறிகளைச் சொல்லித் தருகிறார்கள். தற்கொலை எண்ணம், திடீர்ப் பீதித் தாக்குதல் போன்ற நெருக்கடிகளில் என்ன செய்வது என்பதையும் பழக்குகிறார்கள். பயிற்சி எடுத்தவர் நோயைக் கண்டறிய மாட்டார், சிகிச்சையும் தர மாட்டார். டாக்டரிடம் போய்ச் சேரும்வரை கூட இருப்பார், அவ்வளவுதான். இந்த எல்லைக்கோடு தெளிவாக இருப்பதே இந்தப் பாடத்தின் முதல் பலம்.

பாடத்தின் முதுகெலும்பு ஐந்து படிகள். ஆளை அணுகி, உடனடி ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது. தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுப்பது. ஆதரவும் சரியான தகவலும் தருவது. மருத்துவ உதவிக்குப் போகத் தூண்டுவது. குடும்பம், நண்பர்கள், இபாதத் (வழிபாடு) போன்ற மற்றத் துணைகளையும் சேர்த்துவிடுவது. இவற்றில் இரண்டாவது படிதான் பள்ளிவாசல் ஆட்களுக்கு மிகவும் கடினம். காரணம் எளிது. இமாமின் அன்றாட வேலையே கேள்விக்கு விடை சொல்வது. ஒருவர் வந்து, "ஹஜ்ரத், தொழ மனசே வரமாட்டேங்குது" என்றால், சட்டென்று வாயில் வருவது நஸீஹத்தாகத்தான், அதாவது அறிவுரையாகத்தான் இருக்கும். கேட்டவரோ ஏற்கெனவே தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டிருப்பவர். அந்த நஸீஹத் அவருடைய நினைப்பை உறுதிப்படுத்தி அனுப்பிவிடும்.

பயிற்சியில் இதை ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பழகுகிறார்கள். முதல் பத்து நிமிடம் அறிவுரை கிடையாது, குர்ஆன் ஆயத்தும் கிடையாது. கேள்வி மட்டும்தான். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு தம்பி? ராத்திரி தூக்கம் எப்படி? சாப்பாடு இறங்குதா? வேலைக்குப் போக முடியுதா?" இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்துக் கிடந்து, பிடித்த எதிலும் ஈடுபாடு போய், தூக்கமும் பசியும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது அடுத்த படி டாக்டர். ஈமான் குறைவு என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபியின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆனின் 12:84 சொல்கிறது. பிரசவ வலியில் "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்று மர்யம் கதறியதை 19:23 சொல்கிறது. இந்த இரண்டு வசனங்களையும் பயிற்சியாளரின் கையில் கொடுத்துவிட்டால் போதும், ஈமான் பற்றிய விவாதம் பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும்.

தற்கொலை பற்றிய பகுதிக்காகவே இந்தப் பயிற்சியை எடுக்கலாம். நேரடியாகக் கேட்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது: "தற்கொலை செஞ்சுக்கணும்னு நினைப்பு வருதா?" சுற்றி வளைக்கக் கூடாது. "தப்பா எதுவும் நினைக்கலையே?" என்ற கேள்விக்கு யாரும் "ஆமாம்" என்று சொல்ல மாட்டார்கள். கேட்பதால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பலருக்குக் கேட்கப்பட்டதே பெரிய ஆறுதலாக இருக்கிறது.

முஸ்லிம்களிடம் இந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தற்கொலை ஹராம் என்று தெரிந்தவர், அந்த எண்ணம் இருந்தாலும் அந்தச் சொல்லை ஒப்புக்கொள்ளத் தயங்குவார். "அல்லாஹ் என்னை எடுத்துக்கிட்டா போதும்", "தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லது" என்றுதான் பேச்சு வரும். அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடக் கூடாது. அங்கேயே நிறுத்தி, "செத்துப் போனா தேவலைன்னு தோணுதா? நீங்களே ஏதாவது செஞ்சுக்கலாம்னும் தோணுதா?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அடுத்து: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா, எப்போது என்று முடிவு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா? வழியும் பொருளும் நேரமும் கூடிவந்திருந்தால் அவரை ஒரு நொடியும் தனியாக விடக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி, அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும். இரகசியம் காக்கும் வாக்குறுதி இந்த இடத்தில் செல்லாது. அதை உரையாடலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொல்றது என்னோடயே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் இன்னொருத்தரைக் கூப்பிடுவேன்."

நரகத்தைச் சொல்லி மிரட்டுவது வேலை செய்கிறதா? வாயை மூடவைக்கிறது, எண்ணத்தை நிறுத்துவதில்லை. துன்பம் வந்ததற்காக மரணத்தை விரும்ப வேண்டாம் என்று சொல்லும் ஹதீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது தடையோடு நிற்கவில்லை. "வாழ்வது எனக்கு நல்லதாக இருக்கும்வரை என்னை வாழவை" என்று கேட்கும் துஆவையும் கூடவே கற்றுத் தருகிறது. அப்படி ஒரு விருப்பம் மனிதனுக்கு வரும் என்பதை அந்த ஹதீஸே ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறது. இமாம் இந்த வழியில் பேசினால் எதிரில் இருப்பவர் வாய் திறப்பார்.

இது கற்பனைப் பயம் இல்லை. ஜாமா சைக்கியாட்ரி இதழில் 2021-இல் வந்த ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லும் வாய்ப்பு, பிற சமயத்தவரோடு ஒப்பிட்டால் அமெரிக்க முஸ்லிம்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 'நம் ஆட்களுக்கு இதெல்லாம் வராது' என்று சொல்லும் நிர்வாகிகளிடம் முதலில் இதைக் காட்ட வேண்டும்.

தற்கொலை நடந்துவிட்ட வீட்டைப் பற்றியும் ஜமாஅத் ஒரு பாடம் சேர்க்க வேண்டும். ஜனாஸா தொழலாமா என்ற கேள்வி மைய்யித் வீட்டு வாசலிலேயே எழும். தொழலாம் என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. நபித்தோழர் துஃபைல் இப்னு அம்ருடன் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தவர் நோயின் வேதனை தாங்காமல் விரல் மூட்டுகளை வெட்டிக்கொண்டு இறந்துபோன செய்தி ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அவருடைய கைகளுக்காகவும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மன்னிப்புக் கேட்டு துஆச் செய்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது. மற்ற வகுப்பெடுப்புகளை அந்த வாசலில் தவிர்த்துவிடலாம்.

இப்போது பயிற்சியின் பெரிய இடைவெளிக்கு வருவோம்: ஜின், சூனியம், கண்ணேறு. பொதுப் பாடத்தில் இவற்றுக்கு இடமில்லை. மனச்சிதைவு பகுதியில், நோயாளியின் மாய நம்பிக்கையோடு வாதாடாதே, ஒத்தும் ஊதாதே என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல விதி. ஆனால் குடும்பமே "ஜின் பிடிச்சிருக்கு" என்று சொல்லும்போது பயிற்சி பெற்றவர் என்ன பேசுவது? ஜின் என்ற படைப்பை மறுத்துப் பேசினால் அந்தக் குடும்பம் அடுத்த நொடியே எழுந்துவிடும். ஒத்துக்கொண்டால் டாக்டரிடம் போவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இரண்டுமே தோல்விதான்.

நடைமுறையில் பலிக்கும் பேச்சு இப்படி இருக்கும்: "ஓதிப் பாருங்க, நான் வேண்டாம்னு சொல்லல. அதே வாரத்துல டாக்டரையும் பாருங்க. எல்லா நோய்க்கும் மருந்து இறங்கியிருக்குன்னு ஹதீஸ்லயே இருக்கே." நாள் குறித்துவிட வேண்டும், 'பிறகு பார்ப்போம்' என்றால் அது நடக்காது. இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீள, மீண்டுவருவது கடினமாகிறது. ஓதிப் பார்ப்பவருக்கும் சில எல்லைகளை ஜமாஅத் எழுத்தில் கொடுக்க வேண்டும்: அடிக்கக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது, மூச்சை அடைக்கக் கூடாது, பெண்ணோடு தனியறையில் இருக்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. வலிப்பு, காய்ச்சலோடு வரும் உளறல், தலையில் அடிபட்ட பிறகு வரும் குழப்பம் ஆகியவை உடல் சார்ந்த அவசர நிலைகள். அங்கே ஓதுவதை ஆம்புலன்ஸ் வரும்வரை ஓதலாம். ஆம்புலன்ஸைத் தள்ளிப்போடக் கூடாது.

பிரசவமான பெண்ணுக்கு முதல் சில நாட்களில் அழுகையும் எரிச்சலும் வருவது சாதாரணம். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அடங்காவிட்டால் பிரசவகால மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். தூக்கமே இல்லாமல், உளறலும் சந்தேகமும் யாருக்கும் கேட்காத குரலும் தொடங்கினால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரி. நிஃபாஸ் (பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு) காலத்தில் அந்தப் பெண் தொழுவதில்லை, வெளியே வருவதும் குறைவு. அதனால் மாற்றத்தைக் கவனிக்க வெளியாட்களுக்கு வழியே இல்லை. பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

யாரை அனுப்புவது என்பதில்தான் பல ஜமாஅத்துகள் தப்புக் கணக்குப் போடுகின்றன. தலைவரும் செயலாளரும் முதல் வரிசையில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவதில் பயனில்லை. பாங்கு சொல்லும் மோதினார் வர வேண்டும். உளூச் செய்யும் இடத்தில் ஓர் இளைஞன் முழங்கையை மூன்று தடவை கழுவிவிட்டு எழுந்து, இரண்டு அடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்ப்பவர் அவர்தான். இகாமத் சொல்லி முதல் ரக்அத் முடிந்தும் குழாய் மூடவில்லை என்றால் அது பேணுதல் அல்ல. உளூ, நிய்யத், தக்பீர் என்று எதிலும் நிறைவு வராமல் திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச்சுழல் நோயாக (ஓசிடி) இருக்கலாம். நல்ல சிகிச்சை இருக்கிற நோய் அது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ வஸ்வாஸை, அதாவது விடாமல் துரத்தும் சந்தேக எண்ணங்களை, தனி நோயாகப் பிரித்தே எழுதியிருக்கிறார்.

இந்த நோயில் இமாம்கள் அறியாமலே செய்யும் கேடு ஒன்று உண்டு. பொதுப் பயிற்சியில் அது வருவதில்லை. பாதிக்கப்பட்டவர் போன் செய்வார்: "ஹஜ்ரத், என் உளூ கூடிருச்சா?" இமாம் கனிவாக "கூடிருச்சு தம்பி" என்பார். பதற்றம் சற்றுத் தணியும். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி வேறு வடிவத்தில் வரும். ஒவ்வொரு பதிலும் நோய்க்குத் தீனி. உறுதி கிடைத்தால்தான் நிம்மதி என்று மூளை பழகிக்கொள்கிறது. சிகிச்சை இதற்கு நேர் எதிராகப் போகும்: பதற்றம் இருக்கும்போதே சடங்கைத் திருப்பிச் செய்யாமல் தாக்குப்பிடிக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். எனவே இமாம் ஒரே ஒரு முறை விளக்க வேண்டும். உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விதியைச் சொல்லி, "இதே கேள்விக்கு இனிமே நான் பதில் சொல்ல மாட்டேன், அது உங்க நல்லதுக்குத்தான்" என்று அன்போடு நிறுத்தி, சிகிச்சை தருபவரிடம் அனுப்பிவிட வேண்டும். அல்லாஹ்வைப் பற்றியே கெட்ட எண்ணங்கள் வந்து துடிப்பவர்களுக்கு ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு மருந்து இருக்கிறது. வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருவதாகச் சஹாபாக்கள் முறையிட்டபோது, "அதுவே தெளிவான ஈமான்" என்று பதில் கிடைத்தது. அந்த எண்ணத்தை வெறுக்கும் மனம்தான் ஈமானின் அடையாளம்.

ரமலான் பற்றிய ஒரு மணி நேரத்தையும் ஜமாஅத் தானே சேர்க்க வேண்டும். பொதுப் பாடத்தில் இல்லை, ஆனால் ஆபத்து மெய்யானது. அதீத எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தின் பாதுகாப்பு எல்லை மிகக் குறுகியது. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் நச்சாகத் தொடங்கும். நீண்ட பகல் நோன்பில் உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். கைநடுக்கம் கூடுவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், தள்ளாட்டம் இவற்றில் எது தெரிந்தாலும் நோன்பை முறித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதனால் ரமலானுக்குச் சில வாரம் முன்பே இரத்தப் பரிசோதனை செய்து, நோன்பு வைக்கலாமா என்பதை டாக்டரோடு பேசி முடிவெடுப்பது அவசியம். தினம் ஒரு வேளை சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரைகளை டாக்டரைக் கேட்டுக்கொண்டு இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். பகலில் சாப்பிட முடியவில்லை என்று தானாக நிறுத்துவதுதான் தப்பு: தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரும், நோயும் திரும்பும். இருமுனை நோயில் இரவுத் தூக்கம் குலைவதே அதீத எழுச்சியைத் தூண்டிவிடும் என்பதையும் குடும்பத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும். நோயாளிக்கான சலுகை 2:184, 185 வசனங்களிலேயே இருக்கிறது. மனநோய்க்கும் அது உண்டு என்று மிம்பரிலிருந்து ஒருமுறை சொன்னால், அதைக் கேட்கக் காத்திருந்தவர்களுக்குப் பெரிய சுமை இறங்கும்.

நடத்தும் முறை பற்றிச் சில குறிப்புகள். ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் ஜோடிப் பயிற்சி வெறும் சொற்பொழிவாகிவிடும். 12 மணி நேரத்தை மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வாகப் பிரித்தால் தொழுகை நேரத்தோடு இழுபறி வராது. பெண்களுக்குத் தனிக் குழு, பெண் பயிற்சியாளர். ஆண்கள் முன்னால் கேட்கவே முடியாத கேள்விகள் அங்கேதான் வெளிவரும். வீட்டு வன்முறை அவற்றில் ஒன்று. அங்கே "ஸப்ர் செய்யுங்க" என்று பொறுமை காக்கச் சொல்வதோ, கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசுவதோ அவளை இன்னும் பெரிய ஆபத்தில் தள்ளும். விளம்பரத்தில் 'மனநோயாளிகளுக்கான நிகழ்ச்சி' என்று போட்டால் யாரும் வர மாட்டார்கள். 'தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு: உதவுவது எப்படி' என்று போடுங்கள். மனநோயாளிகளையும் கவனித்த பழைய பாக்தாத், டமாஸ்கஸ் பீமாரிஸ்தான்களின் (மருத்துவமனைகளின்) பெருமை பேசும் பகுதியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அந்த வரலாறு உண்மை, அழகும்கூட. அதிலேயே ஒரு மணி நேரம் போனால் வெட்டப்படுவது தற்கொலைக் கேள்விப் பயிற்சியாகத்தான் இருக்கும்.

பயிற்சி பலன் தருகிறதா? எடுத்தவரின் அறிவும் துணிவும் மனப்போக்கும் மேம்படுகின்றன, மாதங்களுக்குப் பிறகும் அது ஓரளவு நிற்கிறது என்று 2018-இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. உதவி பெற்றவரின் நிலை மேம்பட்டதா என்பதற்கு ஆதாரம் போதாது என்பதே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வின் முடிவு. எங்கள் மதிப்பீடு இதோடு ஒத்துப்போகிறது. பயிற்சி கதவைத் திறந்துவிடும். கதவுக்கு அப்பால் ஆள் இருக்க வேண்டும். அனுப்பிவைக்கும் பட்டியல் இல்லாமல் இதை நடத்துவது வீண். பட்டியலில் இருக்க வேண்டியவை: ஒரு மனநல மருத்துவர், ஓர் ஆண் உளவியலாளர், ஒரு பெண் உளவியலாளர், இரவிலும் எடுக்கும் நெருக்கடி உதவி எண், 24 மணி நேர அவசரச் சிகிச்சைப் பிரிவு, செலவுக்கு வழியில்லாதவர்களுக்கான அரசு மருத்துவமனை. பட்டியலில் போடும் முன் ஒவ்வொருவரிடமும் பேசி, புதியவருக்கு எத்தனை நாளில் நேரம் தருவார்கள், தொழுகை, நோன்பு பற்றிப் பேசினால் முகம் சுளிக்காமல் கேட்பார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். முஸ்லிம்களுக்கென்றே சில நாடுகளில் சேவைகள் இருக்கின்றன: பிரிட்டனில் 2001 முதல் முஸ்லிம் யூத் ஹெல்ப்லைன், கனடாவில் நஸீஹா, அமெரிக்காவில் 2010-இல் தொடங்கிய கலீல் சென்டர். இவை இல்லாத இடத்தில் பொதுச் சேவைதான் வழி. அதற்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

12 மணி நேரம் ஒதுக்க முடியாத இடங்களில் கியூபிஆர் என்ற சிறு பயிற்சி உண்டு. பால் குவின்னெட் 1995-இல் உருவாக்கியது. ஒன்றிரண்டு மணி நேரம்தான். தற்கொலை பற்றிக் கேட்பது, உதவி பெறச் சம்மதிக்கவைப்பது, அனுப்பிவைப்பது என்ற மூன்றை மட்டும் பழக்குகிறது. அந்த வேலைக்கு அது போதும். ஆனால் வஸ்வாஸ், மனச்சிதைவு, பிரசவகாலம் எதையும் தொடாது. அக்டோபர் 10 உலக மனநல நாளுக்கு ஒரு ஜும்ஆ பயான் வைத்துக் கடந்துபோவதைவிட இது எவ்வளவோ மேல்.

பயிற்சி முடிந்ததும் யாரிடம் பேசலாம் என்று பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வந்து பேசியவர்களின் பெயர் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறக் கூடாது. திருமணப் பேச்சு முறிந்துவிடுமோ என்ற பயம்தான் பலரை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. ஒரே ஒரு முறை விஷயம் வெளியே கசிந்தால் ஆண்டுக்கணக்கில் யாரும் வர மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி எடுத்தவர்கள் கூடி, தற்கொலைக் கேள்வியை ஜோடியாக உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்டுப் பழக வேண்டும். அதே அமர்வில் பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் போன் செய்து, எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.